ஒகவரி கடை

சருமொய் துறைமுகத்தில் மீன் ஏலக்கூடத்துக்கு எதிரே இருக்கும் சாப்பாட்டுக் கடைக்கு ஒகவரி என்று பெயர். இன்னொரு கிண்ணம் சோறு என்று அர்த்தம். அதே ஓசையில் எங்களுக்கு இன்னொரு சொல்லும் உண்டு. ரொம்ப நாள் கழித்துப் பார்க்கிறவரிடம், உடம்பு மனசு எல்லாம் முன்போலவே இருக்கிறதா, மாற்றம் ஒன்றும் இல்லையே என்று கேட்கிற சொல். சீன எழுத்தில் எழுதினால் இரண்டும் வேறு வேறாகத் தெரியும். பள்ளிப் பிள்ளைகள் முதலில் படிக்கிற எளிய எழுத்தில் எழுதிவிட்டால் எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது. கடையைத் தொடங்கிய எய்கிச்சி எளிய எழுத்தில்தான் எழுதச் சொன்னார். "அவருக்கு மத்த எழுத்து சரியா வராது, அதான்," என்று அவர் மனைவி தொகியே எல்லோரிடமும் சொல்வாள்.

எய்கிச்சி சின்ன வயதில் நண்டுப் படகில் ஏறியவர். முதல் பருவம் முழுக்க ஒரு கிண்ணச் சோற்றோடு எழுந்துவிடுவாராம். மற்றவர்கள் இரண்டாவது, மூன்றாவது என்று கிண்ணத்தை நீட்டும்போது இவருக்குக் கை நீளாது. "பசி இருந்துச்சு, வாய்தான் வரல," என்பார். அதனால் கடையில் அவர் வைத்த விதி ஒன்றே ஒன்று. சாப்பிடுகிறவன் கேட்கக் கூடாது. பரிமாறுகிறவர்தான் கேட்க வேண்டும், அதுவும் கிண்ணத்தின் அடி தெரிவதற்கு முன்னால். இரண்டாவது கிண்ணத்துக்குக் காசு கிடையாது.

தொகியேவுக்கு அது போதவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு யார் உள்ளே வந்தாலும், "மாத்தம் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்பாள். பதில் வரும்வரை தேநீர் வராது. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவன், மருத்துவர் ஏதோ சொன்னதை மறைக்கிறவன், எல்லோரும் அவளிடம் மாட்டிக்கொள்வார்கள். "பேர் வச்சவன் நான். அது சோறு," என்பார் எய்கிச்சி. "பேர்ப் பலகையைத் தொடைக்கிறவ நான். அது நலம் விசாரிக்கிறது," என்பாள் தொகியே. தொகியே செத்துப்போன பிறகும் எய்கிச்சி அந்தச் சண்டையை விடவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே தனியாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

கடையை இப்போது நடத்துகிறவள் அவர்கள் மகள் ஹிசானோ. சமையல் அவள் கணவன் யசுனோரி. கடலில்லாத உள்நாட்டு நகரத்திலிருந்து மருமகனாக வந்தவன், அதிகம் பேசமாட்டான், பேசினால் விலைவாசி பேசுவான். ஹிசானோ அப்பாவின் கேள்வியையும் கேட்டாள், அம்மாவின் கேள்வியையும் கேட்டாள். எது பெயருக்கு உரியது என்று அவள் யோசித்ததாகத் தெரியவில்லை.

நான் அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் சிப்பித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். சிப்பியைக் கத்தியால் திறந்து சதையை எடுத்துத் தட்டில் போடுகிற வேலை. வரிசையில் பாதிப் பேர் என்னைப்போல ஊர்ப் பெண்கள், மீதிப் பேர் வியட்நாமிலிருந்து பயிற்சித் தொழிலாளர்களாக வந்த இளம்பெண்கள். மதியச் சாப்பாடு ஒகவரி கடையிலிருந்து டப்பாக்களில் வரும். அந்தக் கடையின் வருமானத்தில் பெரும்பங்கு இந்த டப்பாதான் என்பது ஊருக்கே தெரியும்.

என் பக்கத்தில் நின்று சிப்பி திறந்தவள் குயென். ஒல்லியான பெண். ஞாயிற்றுக்கிழமை மதியம் தோழி ஹானைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய்விடுவாள். மொழியைப் படகுக்காரர்களிடமிருந்து கற்றுக்கொண்டதால் அவள் பேச்சு அப்படியே படகுப் பேச்சு. முதல்முறை எய்கிச்சியைப் பார்த்தே, "ஓய் பெருசு, சோறு எங்க ஓய்?" என்று கேட்டிருக்கிறாள். கடையே திரும்பிப் பார்த்தது. ஹிசானோ தனியாகக் கூப்பிட்டு, பெரியவரிடம் அப்படிப் பேசக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தாள். அடுத்த வாரம் குயென் மிகவும் மரியாதையாக, "ஐயா, தயவுசெய்து சோறு," என்றதும் எய்கிச்சிக்குக் கோபம் வந்துவிட்டது.

"எவன் சொல்லிக்குடுத்தான் இதை? பெருசுன்னே கூப்பிடு. நான் என்ன போலீஸா?"

அன்றிலிருந்து அவளுக்குப் பரிமாறுவது எய்கிச்சியின் வேலை. வாட்டிய சால்மன், கணவாய்க் குழம்பு, ஊறவைத்த முள்ளங்கி எது இருந்தாலும் மூன்று கிண்ணம் போகும். "இது வயிறா, மீன் கிடங்கா?" என்பார். "கிடங்குக்கு வாடகை குடு ஓய்," என்பாள் அவள்.

பனிக்கட்டிகள் கரையைவிட்டு விலகி, படகுகள் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கிய சமயம். அந்த ஞாயிறு குயென் முதல் கிண்ணத்தையே முடிக்கவில்லை. எய்கிச்சி அகப்பையோடு வந்து நின்றார். அவள் கிண்ணத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"போதும் பெருசு."

"என்னது, போதுமா? மீன் சரியில்லையா? யசுனோரி, என்னத்த வாட்டி வச்சிருக்க?"

"மீன் நல்லாருக்கு." சொல்லி முடிப்பதற்குள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

திரும்பி வந்தவளிடம் ஹிசானோ மெதுவாகக் கேட்டாள். "குயென், உன்கிட்ட ஏதாவது மாத்தம் இருக்கா?"

"ஒண்ணுமில்லக்கா. வயித்துப் பொருமல்."

ஹிசானோ தேநீரைக் கொண்டுவந்தாள், ஆனால் மேசையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். குயென் தலையைக் குனிந்துகொண்டாள். ஹான் வேறு பக்கம் பார்த்தாள். கடையில் கூட்டம். ஹிசானோ தேநீரை வைத்துவிட்டு நகர்ந்தாள்.

அடுத்த ஞாயிறு குயென் வரவில்லை. ஹான் தனியாக வந்து, காய்ச்சல் என்றாள். எந்தக் காய்ச்சல், எத்தனை டிகிரி, மருந்து என்ன என்று ஹிசானோ வரிசையாகக் கேட்டதில் ஹானுக்கு மொழியே மறந்துவிட்டது. மறுநாள் கடைக்கு விடுமுறை. ஹிசானோ கஞ்சி வைத்து, ஊறுகாய்ப் பிளம் ஒன்றை நடுவில் போட்டு, பானையைத் துணியில் கட்டிக்கொண்டு தொழிற்சாலைப் பெண்களின் விடுதிக்கு நடந்தாள்.

குயென் சுவரோடு ஒட்டிப் படுத்திருந்தாள். அதுவரை வேலைக்கு அவள் ஒருநாள்கூட மட்டம் போட்டதில்லை, அன்றுதான் முதல்முறை. ஹிசானோ கஞ்சியை எடுத்து ஊட்டப் போனாள். போர்வை விலகியபோது இடுப்பைச் சுற்றித் துணி இறுக்கிக் கட்டியிருந்தது தெரிந்தது. எந்தக் கேள்வியும் கேட்காமல் ஹிசானோ அந்தக் கட்டை அவிழ்த்தாள். அதற்குப் பிறகுதான் குயென் அழுதாள்.

நான்கு மாதம். குழந்தையின் அப்பா துவான், உள்நாட்டில் ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை செய்கிற அவள் ஊர்ப் பையன். கல்யாணம் செய்துகொள்ளத்தான் இருந்தார்கள். ஆனால் இவர்களை இங்கே அனுப்பி மேற்பார்வை செய்கிற முகவர் அலுவலகத்தில் முதல்நாளே சொல்லிவிட்டார்களாம், காதல் கூடாது, பிள்ளை கூடாது, மீறினால் விமானம். போன வருஷம் ஒரு பெண்ணைக் காலையில் காணவில்லை, மாலையில் அவள் ஊரிலிருந்து பேசினாள்.

"நான் போனா வீட்டுல அடுப்பு எரியாதுக்கா. தம்பி படிக்கிறான். யார்கிட்டயும் சொல்லாத. உன் கால்ல விழறேன்."

"கால விடு. உனக்கு என்ன வேணும்? அதைச் சொல்லு."

குயென் புரியாமல் பார்த்தாள். அவளிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை போல.

"எனக்கா?"

"உனக்குத்தான். முகவர் கிடக்கட்டும், தம்பியும் கிடக்கட்டும்."

"பெத்துக்கணும்," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேலையும் வேணும். ரெண்டும்," என்றாள்.

"சரி. அப்ப ரெண்டையும் கேப்போம்."

ஹிசானோ வீட்டுக்கு வந்து சொன்னபோது யசுனோரி கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். தீட்டுவதை நிறுத்தவில்லை.

"டப்பா வாங்குறது யாரு?"

"தெரியும்."

"ஆலை நடத்துற குமகாய்கிட்ட போய் உன் ஆலையில இப்படி நடக்குதுன்னு சொன்னா, மறுநாள் டப்பா இருக்காது. அதுவும் தெரியுமா?"

"தெரியும்ங்கறேன்ல."

எய்கிச்சி உள்ளறையிலிருந்து குரல் கொடுத்தார். "சோறு போடறது நம்ம வேல. போட்டோம். அவ சாப்பிட்டா. அதுக்கு மேல அவங்க கம்பெனி பாத்துக்கும்."

"அவ சாப்பிடலப்பா. நீங்கதான அகப்பையோட நின்னீங்க?"

ஹிசானோ அடுப்பைத் துடைத்துக்கொண்டே பேசினாள். குரல் உயரவில்லை, ஆனால் துணி அழுத்தமாகப் போய்வந்தது.

"நான்தான் கேட்டேன், மாத்தம் இருக்கான்னு. அவ இருக்குன்னு சொல்லிட்டா. இப்ப நான் என்ன சொல்லணும், அப்படியா, டீ குடின்னா? அப்புறம் எதுக்குக் கேக்கறது? பலகையை இறக்கிடுவோம். வேற பேர் எழுதுவோம். கடல் காத்துன்னு வைப்போம், நண்டுக் கொடுக்குன்னு வைப்போம், எவனும் நம்மள ஒண்ணும் கேக்கமாட்டான்."

யசுனோரி கத்தியை நீரில் கழுவினான். விரலால் கூர்மை பார்த்தான். "முதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சுக்கோ," என்றான். "கையில ஒண்ணும் இல்லாம போய் நின்னா குமகாய் உன்னைப் பேச்சுலயே சுத்திவிட்ருவான்."

அவன் சம்மதம் சொல்கிற விதம் அது. ஹிசானோ மறுநாளே ஊர் அலுவலகத்தின் சுகாதாரச் செவிலியிடம் போனாள், குயெனைக் கூட்டிக்கொண்டு. செவிலி பல வருஷமாக இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஊசி போடுகிற அம்மா. அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, பதிவு செய்து, கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற கையேட்டைக் குயென் கையில் வைத்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். பிள்ளை உண்டானதற்காக ஒருத்தியை வேலையிலிருந்து எடுக்கக் கூடாது. ஊர்க்காரியானாலும் பயிற்சிக்கு வந்தவளானாலும் சட்டம் ஒன்றுதான். இதற்கென்று தொழிலாளர் அலுவலகம் இருக்கிறது, வியட்நாமிய மொழியில் பேசவும் ஆள் வைத்திருக்கிறார்கள். அங்கிருந்தே தொலைபேசியில் பேசவைத்தாள். குயென் தன் மொழியில் வெகுநேரம் பேசினாள். பேசப்பேசக் குரல் தெளிந்தது என்று ஹிசானோ சொன்னாள், ஒரு வார்த்தை புரியாவிட்டாலும்.

முறைப்படி ஆலைக்குச் சொல்லத் திங்கட்கிழமை என்று நாள் பார்த்தார்கள். முகவர் முந்திக்கொண்டார். விடுதியில் யாரோ அந்தக் கையேட்டைப் பார்த்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்பு, குயெனை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கையுறையைக் கழற்றித் தொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டுப் போனாள். ஜன்னல் வழியாக வெளியே முகவரின் வண்டி தெரிந்தது. பின்கதவு திறந்திருந்தது, உள்ளே குயெனின் நீலப்பெட்டி. ஹான் அதைப் பார்த்த நொடியே கத்தியைப் போட்டுவிட்டுக் கழிப்பறைப் பக்கம் ஓடினாள். தொலைபேசியோடு.

வழக்கமாக டப்பாக்களை யசுனோரிதான் கொண்டுவருவான். அன்று வண்டியை ஹிசானோ ஓட்டிவந்தாள். மாவு ஒட்டிய மேலாடை, ரப்பர் காலணி. டப்பா அடுக்கைச் சாப்பாட்டுக் கூடத்தின் நீள மேசையில் இறக்கினாள். நாங்கள் கை கழுவிவிட்டு உட்கார்ந்தோம். ஒரு டப்பாவை மட்டும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நேரே அலுவலகக் கதவுக்குப் போனாள். கதவை முழுக்கத் திறந்து, மூடாதபடி காலால் தடுத்துக்கொண்டாள். அதனால் உள்ளே நடந்தது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

ஆலைத் தலைவர் குமகாய் ஹிசானோவோடு பள்ளியில் ஒரே வகுப்பு. "ஹிசானோ, இப்ப வேண்டாம், கூட்டம் நடக்குது," என்றார்.

முகவர் கறுப்புக் கோட்டு போட்டவர். "இது கம்பெனி விஷயம். நீங்க யாரு?"

"சாப்பாடு கொண்டுவர்றவ."

"அப்ப சாப்பாட்டை வச்சிட்டுக் கிளம்புங்க."

"வைக்கத்தான் வந்தேன். இது குயெனோட டப்பா. அவ கையில குடுக்கணும். வண்டியில பெட்டி இருக்குது, எங்க போறா? சாப்பிட்டுட்டுப் போறாளா, சாப்பிடாமலேயா?"

குமகாய் எழுந்தார். "ஹிசானோ, கதவைச் சாத்து. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்னுதான் தொறந்தேன். நீ மூணாம் கிளாஸ்ல பெஞ்சுலயே ஒண்ணுக்குப் போனப்ப நான் யார்கிட்டயாவது சொன்னேனா? ஒளிக்க வேண்டியத ஒளிப்பேன். இது ஒளிக்கறது இல்ல."

எங்கள் மேசையில் யாரோ பொரித்த மீனைத் தொண்டையில் சிக்கவைத்துக்கொண்டு இருமினார்கள். குமகாயின் காது சிவந்தது.

முகவர் பொறுமையாகப் பேசினார். "பாருங்கம்மா. அந்தப் பொண்ணே ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டாங்க. யாரும் கட்டாயப்படுத்தல."

"எந்த மொழியில சொன்னா?"

"நம்ம மொழியிலதான்."

"அப்ப எனக்கும் புரியும். இன்னொரு தரம் சொல்லச் சொல்லுங்க."

நாற்காலியின் ஓரத்தில் குயென் உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. ஹிசானோ அவளைத் தொடவில்லை, அருகேகூடப் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே கேட்டாள். "குயென், உனக்கு ஊருக்குப் போகணுமா? போகணும்னா நானே வழியனுப்பறேன். நீ சொல்றதுதான்."

கூடத்தில் ஒருவரும் மெல்லவில்லை. குயென் எழுந்தாள். முகவரைப் பார்த்துத் திரும்பினாள்.

"போவமாட்டேன் ஓய்," என்றாள். படகுப் பேச்சு, படகுக் குரல். "நான் எங்க சொன்னேன்? நீ சொன்ன, நான் தலைய ஆட்டுனேன். பயந்து ஆட்டுனேன். இப்ப ஆட்டல, நல்லாப் பாத்துக்க. பிள்ள பெத்துக்குவேன். வேலையும் செய்வேன். சட்டம் இருக்குது. போன்ல எங்க பாஷையிலயே சொன்னாங்க."

முகவர் குமகாயைப் பார்த்தார். குமகாய் மேசையைப் பார்த்தார். ஹிசானோ டப்பாவைக் குயெனின் கையில் கொடுத்தாள். "ரெண்டு மணிக்குச் செவிலியம்மா வர்றாங்க," என்றாள் குமகாயிடம். "தொழிலாளர் ஆபீஸ்லயும் இன்னிக்கே பேசறேன்னு சொல்லியிருக்காங்க. என்னென்ன வேல குடுக்கலாம், எவ்வளவு எடை தூக்கலாம், எல்லாம் அவங்க சொல்லுவாங்க. என்னைவிட அவங்களுக்குத் தெரியும்."

"ஹிசானோ," என்றார் குமகாய். குரல் தாழ்ந்திருந்தது. "நாளையில இருந்து டப்பா வேண்டாம்."

"சரி."

"நான் விளையாட்டுக்குச் சொல்லல."

"நானும்தான்," என்று சொல்லிவிட்டுக் காலி அடுக்கைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள். அவள் போகிறபோது ஹான் எழுந்து பின்னாலேயே போனாள். முகவரின் வண்டியிலிருந்து நீலப்பெட்டியை இறக்கி, சேற்றில் உருட்டிக்கொண்டு விடுதிப் பக்கம் நடந்தாள். யாரும் தடுக்கவில்லை.

கடைக்குத் திரும்பிய ஹிசானோ வண்டிச் சாவியைக் கொக்கியில் மாட்டினாளாம். "டப்பா போச்சு," என்றிருக்கிறாள். "தெரியும், குமகாய் போன் பண்ணான்," என்று யசுனோரி முள்ளங்கி நறுக்கிக்கொண்டே சொன்னான். "காய்கறிக்காரன்கிட்ட நாளைக்குப் பாதி போதும்னு சொல்லிட்டேன்."

அந்த வசந்தகாலம் அவர்களுக்குச் சுலபமாக இல்லை. அரிசி விலை ஏறிக்கொண்டிருந்த வருஷம் அது. பக்கத்து ஊர்க் கடைகள் எல்லாம் இரண்டாவது கிண்ணத்துக்குக் காசு வாங்க ஆரம்பித்துவிட்டன. யசுனோரி ஒருநாள் அந்தப் பேச்சை எடுத்தான். ஹிசானோ ஒரே வார்த்தையில் முடியாது என்றாள். மறுவாரம் அவன் சோற்றில் பார்லி கலக்கத் தொடங்கினான். காலையில் விடிவதற்கு முன் சிப்பிப் படகில் கூலிக்குப் போய்விட்டு வந்து அடுப்பு மூட்டினான். உள்நாட்டுக்காரனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, பச்சை முகத்தோடுதான் இறங்குவான். அதைப்பற்றி யாராவது கேட்டால், "மீன் விலை மலிவா கிடைக்குது," என்பான்.

ஊரில் எல்லோரும் மெச்சவும் இல்லை. குமகாயின் உறவுக்காரர்கள் கடைப்பக்கம் வருவதை நிறுத்தினார்கள். ஐஸ் கிடங்கு நடத்துகிற ஒருவர் சாப்பிட்டுக்கொண்டே, "வெளியூர்க்காரி ஒருத்திக்காக உள்ளூர்க்காரனை அவமானப்படுத்தலாமா?" என்று ஹிசானோவிடம் கேட்டார். அவளுக்கு முன் எய்கிச்சி எழுந்துவிட்டார்.

"ஏண்டா, பலகையைப் படிச்சிட்டுத்தான உள்ள வந்த?"

"படிச்சேன். சோறுன்னு போட்டிருக்கு."

"சோறுதான். பசிக்குதான்னு கேக்கறவன் ஏன் பசிக்கலன்னும் கேக்கணும். புரியலன்னா கிண்ணத்தை வை."

ஐஸ் கிடங்குக்காரர் கிண்ணத்தை வைக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே நீட்டினார். கிழவர் முணுமுணுத்துக்கொண்டே போட்டார்.

ஆலையில் எங்களுக்கு வேறொரு இடத்திலிருந்து டப்பா வரத்தொடங்கியது. குளிர்ந்த சோறு, எல்லா நாளும் ஒரே கோழித்துண்டு. ஒரு வாரம் தின்று பார்த்தோம். பிறகு எங்கள் வரிசைப் பெண்கள் அவரவர் காசில் ஹிசானோவிடம் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தோம். மணி அடித்ததும் ஒருத்தி சைக்கிளில் போய் எடுத்துவருவாள். பழைய கணக்கில் பாதிகூடத் தேறாது. ஆனாலும் அடுப்பு அணையாமல் இருக்க அது உதவியது என்று ஹிசானோ பிற்பாடு சொன்னாள்.

குயெனைச் சிப்பி வரிசையிலிருந்து எடுத்து உட்கார்ந்து பொட்டலம் ஒட்டுகிற வேலையில் போட்டார்கள். தொழிலாளர் அலுவலகத்திலிருந்து இருவர் வந்து, விடுதியையும் பார்த்தார்கள், முகவரையும் விசாரித்தார்கள். அதற்குப் பிறகு கறுப்புக் கோட்டுக்காரர் எங்கள் ஊருக்கு வரவில்லை. வேறொரு பெண் வந்தாள், அவள் வந்தால் முதலில் விடுதிக்குப் போய் உட்கார்ந்து பேசுகிறாள். துவானும் குயெனும் ஊர் அலுவலகத்தில் கல்யாணத்தைப் பதிந்தார்கள். மாட்டுப் பண்ணைக்காரர் தம் வண்டியில் அவனைக் கொண்டுவந்து விட்டார். வரும்போது ஒரு பெரிய பால் கேன், அதைத்தான் கல்யாணப் பரிசு என்றார். எய்கிச்சி அதைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைய விட இது கனமா இருக்கு," என்றார்.

இலைகள் பழுக்கத் தொடங்கியபோது பெண்குழந்தை பிறந்தது, நகரத்து ஆஸ்பத்திரியில். ஹிசானோ உடனிருந்தாள். குளிர்காலத்தை அம்மா வீட்டில் கழிக்கக் குயென் குழந்தையோடு ஊருக்குப் போனாள். திரும்பி வரும் தேதி போட்ட பயணச்சீட்டோடுதான் போனாள். ஆலையில் அதை எழுத்தில் வாங்கிக்கொடுத்தவர் செவிலி. மறுவருஷம் வசந்தத்தில் அவள் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்று கத்தியைப் பிடித்தாள். குழந்தை அங்கே அவள் அம்மாவிடம். இரண்டும் கிடைத்ததா என்று கேட்டால், முழுசாகக் கிடைத்தது என்று சொல்லமாட்டேன். இரவு ஷிஃப்ட் இல்லாத நாளெல்லாம் தொலைபேசியில் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பயிற்சி முடியட்டும், துவானோடு உள்நாட்டுப் பண்ணைக்குப் போய்விடுவேன், பிள்ளையையும் கூட்டிவந்துவிடுவேன் என்று சொல்கிறாள். அதற்கு என்னென்ன வேண்டும் என்று செவிலியிடம் கேட்டு வைத்திருக்கிறாள். சொல்கிறபோது தாடை இறுகும். செய்துவிடுவாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

குமகாய் கடைப்பக்கம் வராமலே இருந்தார். வழியில் ஹிசானோவைக் கண்டால் தலையை மட்டும் அசைப்பார். டப்பா பழையபடி வரவில்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியக் கூட்டம் ஓய்ந்த நேரம். நான் அன்று லீவு, கடையில் உட்கார்ந்து கணவாய்க் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடைத் தொலைபேசி அடித்தது. ஹிசானோ எடுத்தாள். எதிர்முனைக் குரல் எனக்கே கேட்டது, குமகாய்.

"புதுசா வந்த பொண்ணு ஒருத்தி, ஹிசானோ. மூஞ்சி சரியில்ல. டப்பாவைத் தொறக்காமலே மூடி வைக்கிறா. எனக்கு இதெல்லாம் கேக்கத் தெரியாது. கேட்டா பயந்துடுவா. நீ ஒரு எட்டு வந்து கேக்கறியா?"

"நீதான கவனிச்ச?"

"ஆமா."

"அப்ப நீயே கேளு."

"என்னன்னு கேக்க?"

"உனக்குத் தெரிஞ்ச மாதிரி கேளு. சொல்லலன்னா நாளைக்கு மறுபடி கேளு." ஹிசானோ கையைத் துணியில் துடைத்தாள். "பயமா இருந்தா நான் வர்றேன். பக்கத்துல நிக்கறேன், ஆனா வாயைத் தொறக்கமாட்டேன்."

"வா," என்றார் குமகாய்.

ஹிசானோ மேலாடையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். யசுனோரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தான், அவள் அடுப்பில் ஏற்றிவைத்திருந்த பானைக்கு அடியில் தீயைக் குறைத்தான். அவள் காலணியை மாட்டிக்கொண்டு தொழிற்சாலை இருக்கும் பக்கமாக வேகமாக நடந்தாள். காற்று எதிர்த்து அடித்தது. குனிந்து, தோளை முன்னே தள்ளிக்கொண்டு போனாள்.